ஜன்னல் கம்பியில் தொங்கிய கை

என் தங்கச்சி பானுப்பிரியா ஜெயித்ததை வரிசையாகச் சொல்கிறேன். காலி வெடிப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் நோட்டை வைத்துப் படித்து, பன்னிரண்டாம் வகுப்பில் தேறினாள். அந்த வருஷம் நர்சிங் சீட் கிடைக்கவில்லை. என்னோடு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்கு வந்தாள். ஒரு தடவை வேலைக்குள் வந்த பிள்ளை திரும்பப் படிக்கப் போவது எங்கள் தெருவில் நடக்காத காரியம். அவள் போனாள். எலும்புக்கெல்லாம் இங்கிலீஷில் பெயர் வைத்திருந்தார்கள். சோறு பொங்கும்போதும் துணி அலசும்போதும் முணுமுணுத்து முணுமுணுத்தே அத்தனையையும் மனப்பாடம் செய்தாள். முதன்முதலாகத் தீக்காயத்துக் கட்டைப் பிரித்த அன்று மயங்கி விழுந்தாள். அடுத்த வாரம் தன்னை அதே வார்டுக்கே அனுப்பச் சொல்லிக் கேட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள், “தீக்காய வார்ட விட்டுட்டு வேற வார்டு வாங்கிக்கிடட்டும்” என்றார்கள். “அவுகள வேற பொண்ணு வாங்கிக்கிடச் சொல்லுங்க” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு டூட்டிக்குக் கிளம்பிவிட்டாள்.

இவ்வளவையும்விடப் பெரிதாக அவள் ஜெயித்தது ஒன்று உண்டு. தன் வாயை ஜெயித்தாள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பானுவுக்குப் பேச வராது என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டில் அவள் வாயை அடைக்க முடியாது. வேலை இடத்தில்தான் வாய் திறக்க மாட்டாள். அது எங்கள் கம்பெனியில் அவள் இருந்த அந்த ஒரு வருஷத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

நாங்கள் எம். புதுப்பட்டிக்காரர்கள். அப்பா ஊர்க்காவலன், அம்மா, நான் எல்லோரும் பட்டாசு வேலைதான். நான் எட்டாவதோடு நின்றவள், பேக்கிங்கில் இருக்கிறேன். பட்டாசுக் கம்பெனி என்றால் ஒரே பெரிய கட்டடம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை. சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று எட்ட எட்ட இருக்கும். மருந்து கலக்குவது ஓர் அறை, குழாயில் அடைப்பது இன்னோர் அறை, திரி வைப்பது வேறோர் அறை. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. தன் அறையை விட்டு அடுத்த அறைக்குப் போய் எட்டிப் பார்க்கக் கூடாது. ஒருவர் பாதியில் வைத்துவிட்டுப் போன சாமானை மற்றவர் எடுத்து வேலை செய்யவே கூடாது. அதில் என்ன கலந்திருக்கிறது என்று வைத்தவருக்குத்தான் தெரியும். நம் வேலைக்கு இடைஞ்சலாக இருந்தால் அலுங்காமல் எடுத்து ஓரமாக வைக்கலாம். திரும்ப எடுத்து வேலையைத் தொடர வேண்டியவர் வைத்தவர்தான்.

இது உயிரைக் காப்பாற்றுகிற பழக்கம். இதை மீறிய இடங்களில் என்ன நடந்தது என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பானு இதை அப்படியே உடம்பில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் மாறிப் போக வேண்டும். அங்கே தீக்காயப் பிரிவில் பானு ஸ்டாஃப் நர்ஸ். அவளைப் பற்றி அங்கே எல்லோரும் ஒன்றுபோலச் சொல்வார்கள்: தன் வேலையில் ஒரு குறை வைக்க மாட்டாள், அடுத்தவர் வேலையில் தலையிட மாட்டாள். இரண்டையும் பாராட்டாகத்தான் சொன்னார்கள். எனக்கும் கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆவணிக் கடைசி. தீபாவளி ஆர்டருக்கு ஓட்டமான ஓட்டம். எங்கள் தெரு செல்லத்தாயும் எங்கள் கம்பெனிதான். அவள் வேலை பார்த்த அறைக்கு வெளியே, காய வைத்திருந்த சரக்கில் தீப்பற்றியது. பெரிய வெடிப்பு இல்லை. குப்பென்று ஒரு சுவாலை. அவள் வலது கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். முகம் தப்பித்தது. அந்தக் கையின் புறங்கை முழுக்க, முழங்கைக்குக் கீழ் வரைக்கும் வெந்துவிட்டது.

கம்பெனியை மூடிவிட்டார்கள். அவள் வீட்டுக்காரர் சோலைச்சாமி லாரி ஓட்டுகிறவர். லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வர நாளாகும். அதனால் பகலில் நான் துணைக்கு இருந்தேன், ராத்திரிக்கு அவளுடைய மாமியார் வந்துவிடுவார். பானு டூட்டி பார்க்கும் அதே வார்டு, ஜன்னலோரக் கட்டில்.

உயிருக்குப் பயமில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். செல்லத்தாய்க்கு அதில் நிம்மதி வந்ததாகத் தெரியவில்லை. நான் கரண்டியால் சோறு ஊட்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

“மதினி, கரண்டில தின்னா அது சோறாட்டமா இருக்கு? மருந்து முழுங்குற மாதிரில்ல இருக்கு.”

“வாயத் தெற. கை சரியாகட்டும், அண்டா நெறைய பெசஞ்சு தாரேன்.”

“நீங்க பெசஞ்சு தர வேண்டாம். நான் பெசஞ்சு திங்கணும். என் கையால குழம்பு ஊத்திப் பெசஞ்சு ஒரு வாய் தின்னாப் போதும். இந்தக் கை அதுக்கு ஆகுமா ஆகாதா, அதக் கேட்டுச் சொல்லுங்க உங்க தங்கச்சிகிட்ட.”

பானுவிடம் கேட்டேன். “எழில் மேடம்தான் சொல்லணும்க்கா” என்றாள்.

எழில் மேடம் அந்தப் பிரிவின் அறுவை சிகிச்சை டாக்டர். வெளியூர்க்காரர். விடுவிடுவென்று நடப்பார், நிறுத்தி நிதானமாகப் பேசுவார். செல்லத்தாயின் தொடையிலிருந்து தோல் எடுத்துப் புறங்கையில் ஒட்டினார். தோல் பிடித்துக்கொண்டது. “தோலை நான் கொடுத்துட்டேன். விரல் மடங்கிக் குவியாம, நீட்டுனா நீளணும், மடக்குனா மடங்கணும். அது காசிராஜன் கையில இருக்கு” என்றார்.

காசிராஜன் பிசியோதெரபிஸ்ட். சாத்தூர்ப் பையன், வயதும் அதிகமில்லை, வாயும் சும்மா இருக்காது. ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டு இளக்கி, செல்லத்தாயின் கைக்கு அடியில் வைத்து வளைத்து, அவள் கை அளவுக்கே ஓர் அச்சு செய்தார். விரல்கள் நீட்டிய மேனிக்கு அதில் படுத்திருக்க வேண்டும். அதற்கு ஸ்பிளின்ட் என்று பெயர்.

“என்ன சார், எனக்குப் பிளாஸ்டிக் கை செஞ்சிட்டீகளா?” என்றாள் செல்லத்தாய்.

“இது கை இல்லக்கா, கைக்குத் தொட்டில். வெந்த கைக்கு எது சொகமோ அது கெடுதல். சொகமா இருக்குதேன்னு விரலக் குவிச்சு வச்சா அப்படியே நண்டுக் காலு மாதிரி எறுகிரும். அதனால இந்தத் தொட்டில்லயே கெடக்கட்டும். ராத்திரி கழட்டவே கூடாது.”

அன்றைக்குக் கட்டிவிட்டார். மறுநாள் காலையில் புண்ணுக்கு மருந்து வைக்கும் முறை பானுவுடையது. ஸ்பிளின்ட்டைக் கழற்றினாள், புண்ணைக் கழுவினாள், மருந்து வைத்துக் கட்டுப் போட்டாள். கட்டு அவ்வளவு அழகாக இருந்தது. பிறகு ஸ்பிளின்ட்டைத் துடைத்து, ஜன்னல் கம்பியில் பத்திரமாக மாட்டினாள். அடுத்த நோயாளியிடம் போய்விட்டாள்.

அந்த வார்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில் வருவார்கள். காலையில் எழில் மேடம் சுற்றி வருவார். அதன் பிறகு வலிக்கு ஊசி போட்டு நர்சுகள் கட்டு மாற்றுவார்கள். மத்தியானத்துக்கு மேல் காசிராஜன் வருவார். அதற்குள் ஊசியின் வேகம் இறங்கியிருக்கும், கை தடிமனான கட்டுக்குள் இருக்கும். அவர் விரலைத் தொட்டால் செல்லத்தாய் வீடே இடிந்ததுபோலக் கத்துவாள்.

“தொடாதீக சார்! நல்லா இருப்பீக, நாளைக்குப் பாருங்க!”

“நாளைக்கும் இதத்தானக்கா சொல்லுவீக?”

“நாளைக்கு வேற மாதிரிக் கத்துறேன்.”

அவரும் கொஞ்சம் முயன்றுவிட்டு, வலி அதிகம் என்று எழுதிவைத்துவிட்டுப் போவார். ஜன்னல் கம்பியில் வெள்ளைக் கை காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருக்கும். எல்லோரும் அதைப் பார்த்தோம். ஆஸ்பத்திரிச் சாமான், தேவைப்படும்போது எடுப்பார்கள் என்றுதான் துணைக்கு இருந்த எங்களுக்குத் தோன்றியது. வார்டில் வேலை பார்த்தவர்களுக்கும் அப்படியே தோன்றியதுதான் ஆச்சரியம்.

நாள் போகப்போக விரல்கள் குவியத் தொடங்கின. கட்டு மாற்றும் போதெல்லாம் பானு அதைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்தும் சாப்பிடும்போது தன் கையையே விரித்து விரித்துப் பார்ப்பாள்.

“என்னடி கையில?” என்று கேட்டேன்.

“செல்லத்தாயக்கா விரலு நேத்து இருந்ததவிட இன்னைக்கு மடங்கியிருக்குக்கா.”

“சொல்ல வேண்டியதுதான டாக்டர்கிட்ட?”

“அது காசிராஜன் சார் வேல. அவரு தெனமும் வந்து பாக்காரு. அவருக்குத் தெரியாததா? நான் போயி அவரு வேலையில இதக் காணோம் அதக் காணோம்னு மேடத்துகிட்டச் சொன்னா நல்லாவா இருக்கும்?”

அடுத்தவர் அறைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. அதே பழக்கம்தான்.

எழில் மேடம் அந்த வருஷம் புதிதாக ஒரு வகுப்பு ஆரம்பித்திருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள், நர்சிங் பிள்ளைகள், பிசியோதெரபி பிள்ளைகள், மூன்று காலேஜ்களிலிருந்தும் வந்து ஒரே நோயாளியின் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். வார்டில் வேலை பார்க்கிறவர்களும் கூட நிற்க வேண்டும். தனித்தனியாகப் படித்துவிட்டு ஒரே வார்டில் வந்து சேருகிறவர்கள் ஒருவர் வேலையை ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மேடத்தின் எண்ணம். முதல் இரண்டு வாரமும் டாக்டர் பிள்ளைகள் முன்னால் நின்றார்கள், நர்சிங் பிள்ளைகள் சுவரோரம் நின்றார்கள். பானு அந்தச் சுவருக்கும் பின்னால் நிற்கிறவள் போல நின்றாளாம்.

அந்த வெள்ளிக்கிழமை செல்லத்தாயின் கட்டில். அவளிடம் முன்பே கேட்டுவிட்டுத்தான் வந்தார்கள்.

“வாங்க வாங்க. இம்புட்டுப் பேரு என்னயப் பாக்க வந்தது என் கல்யாணத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான்” என்றாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். எழில் மேடமும் சிரித்துவிட்டுச் சொன்னார்: “இன்னைக்கு யாரும் அவங்கவங்க வேலையைச் சொல்ல வேண்டாம். அடுத்தவங்க வேலையைச் சொல்லணும். இந்தக் கைக்கு நர்ஸ் என்ன செய்றாங்கன்னு நான் சொல்றேன். நான் என்ன செய்றேன்னு காசிராஜன் சொல்லட்டும். காசிராஜன் என்ன செய்றாருன்னு பானுப்பிரியா சொல்லட்டும். பிள்ளைங்க சரியா தப்பான்னு பாருங்க.”

மேடமே ஆரம்பித்தார். “காலையில ஊசி போட்டு, கட்டு மாத்துறாங்க. மாத்தின உடனே ஸ்பிளின்ட்டைத் திரும்பக் கட்டிடுறாங்க.”

காசிராஜன் தன் முறைக்குச் சொன்னார். “மேடம் தோல் ஒட்டுனாங்க. தெனமும் பாக்குறாங்க. புண்ணு அழுந்தக் கூடாதுன்னு ஸ்பிளின்ட்ட இப்போதைக்கு வேண்டாம்னு நிறுத்தி வச்சிருக்காங்க.”

மேடம் திரும்பி அவரைப் பார்த்தார். “நான் எப்போ நிறுத்தினேன்?”

அடுத்த முறை பானுவுடையது. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். அவள் புடவை முனையைப் பிடித்துச் சுருட்டுவது எனக்குத் தெரிந்தது. சின்ன வயதிலிருந்தே பயம் வந்தால் அப்படித்தான். 'காசிராஜன் சார் விரல் பயிற்சி கொடுக்குறாரு' என்று ஒரு வரி சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம். அது பொய்யும் இல்லை.

பானு சுவரை விட்டு முன்னால் வந்தாள்.

“காசிராஜன் சார் ஸ்பிளின்ட் செஞ்சு கட்டுனாரு மேடம். மறுநாள் கட்டு மாத்தும்போது நான் கழட்டுனேன். துடைச்சு அந்தா, அந்தக் கம்பியில மாட்டுனேன். சார் வந்து அவரு கையால கட்டுவாருன்னு நெனச்சேன். அன்னையிலருந்து அது அங்கனதான் தொங்குது. விரலு மடங்கிட்டு வருது. நான் பாத்தேன். சொல்லல.”

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். வெள்ளைக் கை அங்கே இருந்தது.

காசிராஜன் சொன்னார். “கம்பியில தொங்குறதப் பாத்துட்டு, மேடம் கழட்டச் சொல்லிட்டாங்கன்னு நான் நெனச்சேன். கேக்கல.”

“நான் காலையில வரும்போது கம்பியில பார்த்தேன்” என்றார் மேடம் மெதுவாக. “ராத்திரி கட்டிட்டு, காலையில கட்டு மாத்துறதுக்காகக் கழட்டி மாட்டியிருக்காங்கன்னு நினைச்சேன். நானும் கேக்கல.”

கட்டிலிலிருந்து செல்லத்தாயின் குரல் வந்தது.

“நல்லாருக்கு! மூணு பேரு வைத்தியம் பாத்து, என் கைய ஜன்னல்ல காயப் போட்டுட்டீக!”

ஒரு பிள்ளைக்குச் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டது. ஆனால் செல்லத்தாய் சிரிக்கவில்லை. “சொல்லுங்க மேடம், என் கை போச்சா?”

ஸ்பிளின்ட்டை ஏன் திரும்பக் கட்டவில்லை என்று மேடம் பானுவிடம் கேட்டார். அதட்டலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான். பானு கம்பெனிப் பழக்கத்தைச் சொன்னாள்: ஒருவர் வைத்த சாமானை மற்றவர் எடுக்கக் கூடாது, ஓரமாகத்தான் வைக்கலாம். மேடம் பிள்ளைகளிடம் திரும்பினார். “எழுதிக்கோங்க. சிஸ்டர் இப்படி ஒரு காரணத்தால சொல்லல. காசிராஜனும் நானும் எந்தக் காரணமும் இல்லாமலே கேக்கல. மூணும் ஒரே தப்புதான்.”

பிறகு கட்டிலில் உட்கார்ந்து செல்லத்தாயிடம் சொன்னார். “கை போகல. ஆனா நாள் போயிருக்கு. இன்னும் ரெண்டு வாரம் பார்ப்போம். விரல் திரும்ப நீண்டுச்சுன்னா சரி. இல்லைன்னா மதுரைக்கு அனுப்பி, இறுகின இடத்தை வெட்டி இன்னொரு தடவை தோல் ஒட்டணும். அதுக்கப்புறமும் விரல் எவ்வளவு மடங்கும்னு இப்ப என்னால சொல்ல முடியாது.”

அன்று சாயங்காலம் பானு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். எம். புதுப்பட்டி விலக்கில் இறங்கும்போது, “பழையபடி கம்பெனி வேலைக்கே போயிரட்டுமாக்கா?” என்றாள்.

“போ. போயி திரி வையி. அங்கனயும் செல்லத்தாய் கையத்தான் நெனச்சுக்கிட்டு இருப்ப. திரி கோணலாப் போகும், எனக்குப் பேக்கிங்ல ரிஜெக்ட் வரும்” என்றேன்.

அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாளிலிருந்து வேலை முறை மாறியது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கட்டிலுக்கு வருவது என்று முடிவு. ஊசி போட்டு, அது ஏறும் வரை காத்திருந்து, பானு கட்டைப் பிரிப்பாள். மேடம் புண்ணைப் பார்ப்பார். கட்டு இல்லாமல் கை திறந்திருக்கும் அந்த நேரத்திலேயே காசிராஜன் விரல்களை நீட்டி மடக்கிவிடுவார். பிறகு பானு கட்டுப் போடுவாள். ஸ்பிளின்ட் கைக்கு ஏறிய பிறகுதான் மூவரும் நகர வேண்டும்.

முதல் நாளே ஒரு சோதனை வந்தது. மேடத்துக்கு ஆபரேஷன் தியேட்டரில் வேலை காத்திருந்தது. ஊசி போட்ட கையோடு, “பிரிங்க சிஸ்டர்” என்றார்.

பானு பிரிக்கவில்லை. “மேடம், இன்னும் ஏறல. கொஞ்சம் பொறுங்க.”

டாக்டரைப் பொறுக்கச் சொல்வதை அந்த வார்டில் அதுவரை யாரும் கேட்டதில்லை. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார், பானுவைப் பார்த்தார்.

“சரி. நீங்க சொன்னப்புறம்தான்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

காசிராஜன் சும்மா இருப்பாரா? “சிஸ்டருக்கு வாய் மொளச்சிருச்சு. இனிமே நம்மள ஒரு வழி பண்ணிருவாங்க” என்றார்.

“நீங்க மொதல்ல கையக் கழுவிட்டு வாங்க சார்” என்றாள் பானு.

“பாத்தீகளா, சொன்னேன்ல?” என்று அவர் கழுவப் போனார்.

அன்றும் செல்லத்தாய் கத்தினாள். ஆனால் முன்புபோல விரலைத் தொட்டவுடன் இல்லை. நடுவிரலைக் கடைசி வரை நீட்டியபோதுதான். காசிராஜன் ஒவ்வொரு விரலாக எடுத்தார். பானு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, முகத்தையே பார்த்துக்கொண்டு, “இங்கன நிறுத்துங்க சார்… இப்ப விடுங்க… இப்ப மறுபடி” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். விரலைப் பார்க்கிறவருக்கு முகம் தெரியாது. முகத்தைப் பார்க்கிறவள் சொன்னதால் அவருக்கு எவ்வளவு தூரம் போகலாம் என்று தெரிந்தது. முடிந்தபோது செல்லத்தாய்க்கு வியர்த்துக் கொட்டியது. “பரவாயில்ல, முழுசாக் கொல்லல” என்றாள்.

அடுத்தடுத்த நாட்களில் பானு ஸ்பிளின்ட் கட்டப் பழகினாள். மணிக்கட்டு கொஞ்சம் மேலே, விரல் நேராக, பெருவிரல் தள்ளி. காசிராஜன் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். ஒட்டிய தோல் உரியாமல் கட்டை நனைத்து நனைத்து எடுப்பது எப்படி என்று அவர் அவளிடம் கற்றுக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் வந்த பிள்ளைகள் சுவரோரம், முன்வரிசை என்று பிரிந்து நிற்கவில்லை. டாக்டருக்குப் படிக்கிற ஒரு பெண் ஸ்பிளின்ட்டைத் தலைகீழாக மாட்டப் போக, நர்சிங் பிள்ளைகள் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். விரல்கள் எவ்வளவு நீளுகின்றன என்று ஒவ்வொரு வாரமும் எல்லோர் முன்னாலும் பார்த்தார்கள். சுண்டு விரல்தான் பிடிவாதமாக இருந்தது. மற்றவை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன.

மேடம் சொன்ன இரண்டு வாரம் முடிகிற அன்று சோலைச்சாமி வந்திருந்தார். கேரளாவுக்கு லோடு இறக்கிவிட்டு நேராக வந்தவர், குளிக்கக்கூட இல்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மதுரைக்கு என்றால் வண்டி பேச வேண்டும் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

கட்டைப் பிரித்தார்கள். மேடம், “நீட்டுங்க” என்றார். செல்லத்தாய் நீட்டினாள். நாலு விரலும் நேராக வந்தன. சுண்டு விரல் லேசாக வளைந்து நின்றது. “மடக்குங்க.” மடக்கினாள். விரல் நுனி உள்ளங்கையைத் தொடவில்லை, ஆனால் அரிசி விழாத அளவுக்கு நெருங்கியது.

மேடம் காசிராஜனைப் பார்த்தார். காசிராஜன் பானுவைப் பார்த்தார்.

“எனக்கு மதுரை வேண்டாம்னு தோணுது” என்றார் மேடம். “உங்க ரெண்டு பேருக்கும்?”

“வேண்டாம் மேடம். சுண்டு விரலு பயிற்சியிலயே வந்திரும்” என்றார் காசிராஜன்.

எல்லோரும் பானுவுக்காகக் காத்திருந்தார்கள். அவள் செல்லத்தாயின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “வேண்டாம் மேடம். ஆனா ஒட்டுன எடத்துல ஓரமா ஒரு சின்னப் புண்ணு ஆறாம இருக்கு. அது ஆறுற வரைக்கும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்” என்றாள்.

“அப்போ அது ஆறட்டும்” என்றார் மேடம்.

சோலைச்சாமி அப்போதுதான் கையைப் பிரித்தார். “ஏட்டி, மதுரைக்குப் போக வேண்டாமாம்” என்று, அவள் காதில் விழாததுபோலத் திரும்பச் சொன்னார். “எனக்குக் காது வேகல” என்றாள் செல்லத்தாய். ஆனால் அவள் கண்ணில் நீர்.

புண் ஆறியது. ஒருநாள் மத்தியானம் நான் தூக்குவாளியைத் திறந்து சோற்றைத் தட்டில் போட்டு, பழக்கத்தில் கரண்டியை எடுத்தேன். செல்லத்தாய் இடது கையால் அதை வாங்கி மெத்தைக்கு அடியில் சொருகினாள்.

“குழம்ப ஊத்துங்க மதினி.”

ஆறிய சோறுதான். கையைக் கழுவி, காசிராஜன் சொல்லியிருந்தபடி முதலில் விரல்களை நீட்டி நீட்டி மடக்கினாள். பிறகு சோற்றில் வைத்தாள். பருப்புக் குழம்பு விரலிடுக்கில் வழிந்தது. முதல் கவளம் பாதி தட்டிலேயே விழுந்தது. இரண்டாவது வாய்க்குப் போனது. அந்த நேரத்தில் பானு ஊசித் தட்டோடு வந்து நின்றாள். செல்லத்தாய் வாய் நிறையச் சோற்றோடு, “உப்புக் கம்மி” என்றாள்.

பானு தட்டை வைத்துவிட்டு வெளியே போனாள். நான் போய்ப் பார்த்தபோது குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். “என்னடி?” என்றேன். “ஒண்ணுமில்ல, வேர்வ” என்றாள். அங்கே ஒரு வேர்வையும் இல்லை. மழை வரும்போல இருந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம் செல்லத்தாயை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் என்ன செய்ய வேண்டும், கட்டு எப்படி, பயிற்சி எப்படி, ஸ்பிளின்ட் எத்தனை மாதம் என்று எழுதிய தாளைக் கொடுத்தார்கள். அந்தத் தாளில் எப்போதும் டாக்டர் ஒருவர்தான் கையெழுத்துப் போடுவார். மேடம் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவைக் காசிராஜனிடம் நீட்டினார். அவர் அதன் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். பிறகு பேனாவைப் பானுவிடம் நீட்டினார்.

டூட்டி முடிந்து எழுதும் தாள்களில் எல்லாம் பானு இத்தனை வருஷமும் இரண்டு எழுத்தைக் கிறுக்கிவிட்டு வந்தவள். “நானா மேடம்?” என்று கேட்டாள்.

“இந்தக் கை மூணு பேருடைய வேலை. மூணு பேர் பெயரும் இருக்கணும்” என்றார் மேடம்.

“சீக்கிரம் போடு தாயீ, பஸ்ஸு போயிரும். முழுசாப் போடு, நான் வாசிச்சுப் பாப்பேன்” என்றாள் செல்லத்தாய், வலது கையால் பையைத் தூக்கிக்கொண்டே.

பானு மேஜையில் தாளை நேராக வைத்தாள். அப்பாவின் முதலெழுத்தோடு தன் பெயரை முழுதாக, ஒவ்வோர் எழுத்தாக, தமிழில் எழுதினாள். ஊ. பானுப்பிரியா. அதன் கீழே தேதியும் போட்டாள்: 2024 அக்டோபர் 22, செவ்வாய்க்கிழமை.